பஞ்சாலைத் தம்பதியின் ஓய்வூதியமும் மருத்துவமும்: 2022 முதல் 2025 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியும் அவர் மனைவியும் ஓய்வுக்காலப் பலன்களைப் பெற்ற விவரம் இது. பெயர்களும் ஆலைகளின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன. தொகைகள் ஏறக்குறைய முழுமையாக்கப்பட்டவை. விதிகள் அந்தந்தத் தேதியில் நடைமுறையில் இருந்தபடியே சொல்லப்பட்டுள்ளன.

பின்னணி

கணவர் 1964 மார்ச்சில் பிறந்தவர். ரிங் ஃபிரேம் ஃபிட்டர், அதாவது நூற்பு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். 1997 ஜூன் மாதம் ஆலையில் சேர்ந்து, 58 வயது நிறைந்து 2022 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார். பணிக்காலம் 24 ஆண்டு 10 மாதம். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய். வேலையில் இருந்த காலம் முழுக்க பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இரண்டும் பிடித்தம் செய்யப்பட்டு வந்தன.

மனைவி 1966 ஆகஸ்டில் பிறந்தவர். 2009 டிசம்பர் முதல் 2013 அக்டோபர் வரை ஓர் ஆலையிலும், 2013 நவம்பர் முதல் 2019 ஜூன் வரை வேறோர் ஆலையிலும் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தார். மூட்டுவலியால் நின்றுவிட்டார். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாதாமாதம் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கணவரின் அட்டையைக் காட்டி மருந்து வாங்கி வந்தார். மகனுக்கு 30 வயதுக்கு மேல், தனிக்குடும்பம். ஆக, இனி பலன்களுக்கு உரியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

ஓய்வு நாளில் நடந்தவை

பணிக்கொடை சிக்கலின்றி வந்தது. 15,600 ரூபாயை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓராண்டாகக் கணக்கில் சேரும் என்பதால் 25 ஆண்டு. மொத்தம் 2,25,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டிய தொகை, அதற்குள் கைக்கு வந்தது. பி.எஃப். இருப்பும் வந்தது. கைமாற்றுக் கடன்களை அடைத்தபின் மிஞ்சிய 5 லட்சத்தைக் கணவர் தன் பெயரில் மட்டும் வங்கியில் வைப்பு வைத்தார். நாமினி இடம் நிரப்பப்படவில்லை.

ஓய்வூதியத்துக்கான 10-டி படிவத்தை ஆலை அலுவலகமே நிரப்பி அனுப்பியது. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கு இரண்டு துண்டாக வரும். 2014 ஆகஸ்ட் 31 வரையிலான பணிக்காலத்துக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய், அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய். ஒவ்வொரு துண்டிலும் சம்பளத்தைப் பணி ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இவருடைய கடைசி 60 மாதச் சராசரி 14,200. முதல் துண்டுக்கு 1,600 சொச்சம், இரண்டாவதற்கு 1,540-ஐ ஒட்டி. 20 ஆண்டுக்கு மேல் பணிபுரிந்து 58-இல் ஓய்வு பெற்றதால் கிடைக்கும் இரண்டாண்டுச் சேர்க்கையோடு மாதம் 3,390 ரூபாய் என்று ஆணை வந்தது. கணக்கில் பிழை இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் கணவரின் இனிஷியலோடு அச்சாகியிருந்தது; பிறந்த ஆண்டு ரேஷன் கார்டைப் பார்த்து 1968 என்று ஏறியிருந்தது. அவருடைய ஆதாரிலோ தகப்பனாரின் இனிஷியல், ஆண்டு 1966. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே கிடையாது. நம் ஊரில் கல்யாணமான பெண்களின் காகிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. பணம் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்வரை மனைவியின் பெயர்ப் பிழை எதையும் தடுக்காது.

2023 ஜனவரி: அட்டை நின்றது

இ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலமும் பலன் காலமும் வேறு வேறு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். மார்ச்சில் ஓய்வு பெற்றவருக்கு ஏப்ரலிலும் மருந்து கிடைத்தது, தீபாவளிக்கும் கிடைத்தது. ஒன்பது மாதம் எந்தத் தடங்கலும் இல்லாததால், அட்டை ஆயுளுக்கும் செல்லும் என்றே இருவரும் நினைத்திருந்தனர். ஜனவரி முதல் வாரம் மருந்தகக் கணினி ஏற்கவில்லை. "டிசம்பரோட முடிஞ்சிருச்சுங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார் எழுத்தர்.

அதன்பின் வெளிமருந்துக் கடை. இருவர் மருந்துக்கும் மாதம் 2,400 ரூபாய்வரை ஆனது. 3,390 ரூபாய் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அங்கேயே போனது. மே மாதம்வரை இப்படி 12,000 ரூபாய் செலவானபின், பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர் சொல்லி ஆலோசனை கேட்டு வந்தனர்.

2023 ஜூன்: காகிதங்களை விரித்துப் பார்த்தபோது

மூன்று விஷயங்கள் தெரியவந்தன.

முதலாவது, இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61-ஆம் விதி. குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வெளியேறுபவர், மாதம் பத்து ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவம் தொடரும். பிள்ளைகளுக்குக் கிடையாது. சம்பளம் உச்சவரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியதால் காப்பீட்டிலிருந்து வெளியே போய், பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு அப்போது இந்த வாய்ப்பு இல்லை. 2012 ஏப்ரலுக்குப் பின் ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1-க்குப் பின் 30,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களையும் சேர்க்கும் முடிவு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. இவருக்கு அந்தத் தளர்வு தேவைப்படவில்லை. கடைசி நாள்வரை காப்பீட்டில் இருந்தவர்.

இரண்டாவது, ஓய்வூதிய ஆணையில் இருந்த பெயர்ப் பிழை.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை, பத்தாண்டு நிறையவில்லை என்பது வீட்டில் முடிந்துபோன பேச்சு. கடைசி ஆலையில் 5 ஆண்டு 8 மாதம் மட்டுமே என்று பி.எஃப். கணக்கும் காட்டியது. 10-சி படிவம் போட்டு ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுத்துவிடலாம் என்று பிரவுசிங் சென்டரில் சொல்லியிருந்தனர். படிவம் பாதி நிரம்பியும் இருந்தது. பழைய தகரப் பெட்டியில் முதல் ஆலையின் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது. ஓரத்தில் பி.எஃப். எண்: முதலில் மண்டலக் குறியீடு, பிறகு ஆலையின் எண், கடைசியில் அவருடைய கணக்கு எண். ஒருவரின் எல்லா பி.எஃப். கணக்குகளையும் இணைக்கும் ஒரே எண்ணான யூ.ஏ.என். 2014-இல்தான் வந்தது என்பதால் அதற்கு முன் விட்ட வேலையின் கணக்கு எதனோடும் இணையாமல் தனியே கிடந்தது. அதிலிருந்து பணம் எடுக்கப்படவும் இல்லை.

3 ஆண்டு 11 மாதமும் 5 ஆண்டு 8 மாதமும் சேர்ந்தால் 9 ஆண்டு 7 மாதம். தகுதிப் பணிக்காலத்தைக் கணக்கிடும்போது ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சம் ஓராண்டாக எடுத்துக்கொள்ளப்படும். ஆக, பத்தாண்டு. அந்த 10-சி படிவம் போயிருந்தால் ஒரு சிறு தொகையோடு இந்த உரிமை முடிந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இ.எஸ்.ஐ.யில் யோசிக்க ஒன்றுமில்லை. ஓய்வு வயதில் வெளியேறினார் என்று ஆலையிடம் சான்று வாங்கி, அட்டை நகல், ஆதார், இருவர் புகைப்படத்தோடு கிளை அலுவலகத்தில் கொடுத்து 120 ரூபாய் கட்டப்பட்டது. ஜூன் மாதமே மருந்து தொடர்ந்தது. ஜனவரி முதல் மே வரை வெளியில் வாங்கியதற்குத் திரும்பப் பணம் கிடைக்கவில்லை, சந்தா கட்டாத காலம் அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்ததால் தடையில்லை. ஆனால் அது உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் பட்டியலிட்ட அறுவைகளுக்கும்தான். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை தராது. அந்த அட்டை இருக்கிறதே என்று இ.எஸ்.ஐ.யை விட்டுவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெயர்த் திருத்தத்தில் ஒரு கேள்வி எழுந்தது: ஆதாரை ஆணைக்கு ஏற்ப மாற்றுவதா, ஆணையை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவதா? ஆதாரில் பெயரை இருமுறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒருமுறைதான். உயிர்வாழ் சான்றும் வங்கிச் சரிபார்ப்பும் ஆதாரின்மேல்தான் ஓடுகின்றன. எனவே ஆதார் அப்படியே இருக்க, ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றும் அதற்கு ஏற்பத் திருத்தப்பட்டன. 1988-இல் நடந்த திருமணத்துக்குப் பதிவுச் சான்று கிடையாது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயமானது 2009 நவம்பரில். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழி ஆகியவற்றோடு, உறுப்பினரும் ஆலையும் கையொப்பமிட்ட கூட்டு விண்ணப்பம் பி.எஃப். அலுவலகத்துக்குப் போனது. ஒருமுறை திரும்பி வந்தது: ஆலையின் கையொப்பம் அலுவலகத்தில் பதிவாகியிருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. அக்டோபரில் திருத்திய ஆணை வந்தது. இதை அவசரப்படுத்தியதற்குக் காரணம் ஒன்றுதான். கணவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது இது ஒரு திருத்தம். அவர் இல்லாதபோது இதே வேலை, நான்தான் மனைவி என்று நிரூபிக்கும் வழக்காகிவிடும்.

மனைவியின் இரு கணக்குகளையும் இணைக்கப் படிவம் 13. முட்டுக்கட்டை இரண்டாவது ஆலையிலிருந்து வந்தது; வேலையை விட்ட தேதியை அவர்கள் ஏற்றவேயில்லை. கடைசிச் சந்தா மாதத்துக்குப் பின் இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை உறுப்பினரே இணையத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் வேண்டும். அது மகனின் பழைய எண்ணாக இருந்ததால் அதை மாற்றவே இரண்டு வாரம் போயிற்று.

அடுத்தது, ஓய்வூதியத்தை எப்போது எடுப்பது என்ற கேள்வி. 58-க்கு முன் எடுத்தால் ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும். அதனால் "58 ஆகட்டும்" என்பதே எல்லோரும் தரும் அறிவுரை. கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. மனைவிக்கு 58-இல் வரக்கூடியது மாதம் 1,100 ரூபாய் அளவு. 57-இல் எடுத்தால் 1,056. ஓராண்டு முன்னதாக எடுப்பதால் கைக்கு வருவது 12,672 ரூபாய். அதன்பின் மாதம் இழப்பு 44 ரூபாய். முன்னதாக வந்த தொகை கரைய 288 மாதம், அதாவது 24 ஆண்டு வேண்டும். அப்போது அவருக்கு 82 வயது. இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படியும் கிடையாது என்பதால் பின்னால் வரும் 44 ரூபாய்க்கு மதிப்பும் குறைவு. மனைவி முதலில் இறந்தால் கணவருக்குப் பாதி ஓய்வூதியம் என்ற வகையிலும் நட்டமில்லை; பாதி 550 ஆனாலும் குறைந்தபட்சமான 1,000 ரூபாய் கிடைக்கும். ஆகஸ்டில் 57 நிறைந்ததும் 10-டி கொடுக்கப்பட்டது. நவம்பரில் நிலுவையோடு ஓய்வூதியம் ஏறியது.

5 லட்ச வைப்புத்தொகை கடைசி. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர் பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கலாம் என்பது 2022-இல் இருந்த விதி, அது தவறிப்போயிற்று. எனவே கணவருக்கு 60 நிறைந்தபின், 2024 ஏப்ரலில், அஞ்சலகத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காக 8.2 விழுக்காட்டுக்குப் போடப்பட்டது. மூன்று மாதத்துக்கு 10,250 ரூபாய் வட்டி. இத்திட்டத்தில் கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்கு இடையில் மட்டுமே முடியும். இரண்டாம் நபருக்கு வயது வரம்பு இல்லை.

2024: நோயும் மறைவும்

பிப்ரவரியில் கணவருக்கு நெஞ்சுவலி வந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். மருத்துவச் செலவு கைக்காசிலிருந்து போகவில்லை. ஜூனில் அடுத்த ஆண்டுச் சந்தா 120 ரூபாய் கட்டப்பட்டது. நவம்பரில் அவர் காலமானார்.

மறைவுக்குப் பின்

மரணத்தை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதிவின்போது இறந்தவர் பெயரும் துணைவி பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கின்றனவா என்று வரைவிலேயே பார்த்துவிடுவது நல்லது. இங்கே கணவரின் இனிஷியல் ஓர் எழுத்து மாறியிருந்தது, அன்றே சரிசெய்யப்பட்டது.

டிசம்பரிலும் கணவரின் கணக்கில் ஓய்வூதியம் ஏறியது. இறந்த மாதத்தோடு நிற்க வேண்டிய பணம் அது. ஏ.டி.எம். அட்டை வீட்டில் இருந்தும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பின்னர் பிடித்தம், அதற்கு முன் விளக்கக் கடிதம் என்று விதவை ஓய்வூதியமே தள்ளிப்போகும். இறப்புச் சான்று, திருத்திய ஓய்வூதிய ஆணை, மனைவியின் ஆதார், அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் நிலுவையோடு மாதம் 1,695 ரூபாய், கணவர் பெற்றதில் பாதி, வரத் தொடங்கியது. தன் உழைப்புக்கான ஓய்வூதியம் வாங்குபவர் விதவை ஓய்வூதியமும் வாங்கலாம். ஒன்று மற்றதைக் குறைக்காது. இருவர் ஓய்வூதியமுமாக வீட்டுக்கு வந்த 4,446 ரூபாய் 2,751 ஆயிற்று. மனைவியின் பழைய பி.எஃப். கணக்கைத் தேடாமல் விட்டிருந்தால் 1,695 மட்டும்தான்.

இ.எஸ்.ஐ. மருத்துவம் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற காப்பீட்டாளர் இறந்தால், கட்டிய சந்தாவின் மிச்சக் காலத்துக்குத் துணைக்கு மருத்துவம் உண்டு. பிறகு துணையே அதே 120 ரூபாயைக் கட்டித் தொடரலாம். 2025 ஜூனில் அவர் தன் கையால் கட்டினார்.

அடி விழுந்தது அஞ்சலகத்தில். கூட்டுக் கணக்குதானே, அப்படியே தொடரும் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். கணக்கைத் தொடர, முதல் நபர் இறந்த தேதியில் துணைக்கும் இத்திட்டத்தில் சேரும் தகுதி இருக்க வேண்டும். மனைவிக்கு அப்போது வயது 58. கணக்கு முடிக்கப்பட்டது; இறந்த நாள் முதல் முடித்த நாள்வரை சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைத்தது. 2025 ஜனவரியில் அந்த 5 லட்சம் வயது வரம்பில்லாத மாதாந்திர வருமானத் திட்டத்தில் 7.4 விழுக்காட்டுக்குப் போடப்பட்டது. மாதம் 3,083 ரூபாய் வருகிறது.

அவரிடம் இப்போது இரண்டு ஓய்வூதிய ஆணைகள். உயிர்வாழ் சான்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் தேதி மறக்காது. ஆலை வேலையில் ரேகை தேய்ந்ததால் விரல் பதிவு விழவில்லை, முகப்பதிவில் விழுந்தது. மறுமணம் செய்தவரா என்ற கட்டத்தில் என்ன குறிக்கப்படுகிறது என்பதைத் திரையில் பார்த்தபின்தான் இ-சேவை மையத்தை விட்டு எழ வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

120 ரூபாய்ச் சந்தாவை ஓய்வு பெறும் மாதத்திலேயே கட்டிவிட வேண்டும், அட்டை நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆலையின் சான்று அந்த நாளில் எளிதாகக் கிடைக்கும், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். 10-டி படிவம் அனுப்பும் முன் மனைவியின் ஆதாரை மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மனைவியோ கணவரோ எப்போதாவது ஆலை, பனியன் கம்பெனி, மருத்துவமனை என்று பி.எஃப். பிடித்த இடத்தில் வேலை பார்த்திருந்தால், எத்தனை குறைவான காலமானாலும், அந்த எண்ணைத் தேடிக் கூட்டிப் பார்க்காமல் 10-சி போடவே கூடாது.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் மனைவிக்கு 60 ஆகாத தம்பதி முழுப் பணத்தையும் போடுவது இருவர் நோக்கில் சரியல்ல. வட்டி சற்றுக் குறைந்தாலும், ஒரு பங்கை மாதாந்திர வருமானத் திட்டத்தில் கூட்டாக வைத்திருந்தால் அந்தப் பங்கேனும் கணக்கு முடிப்பின்றி நின்றிருக்கும்.

அவருக்கு 2026 ஆகஸ்டில் 60 நிறைகிறது. அப்போது மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். மாதாந்திரத் திட்டத்தை மூன்றாண்டுக்கு முன் முடித்தால் அசலில் 2 விழுக்காடு, அதாவது 10,000 ரூபாய் பிடிப்பார்கள். மூன்றாண்டுக்குப் பின் 1 விழுக்காடு. இன்றைய விகிதத்தில் கூடுதலாக வரும் வட்டி ஆண்டுக்கு 4,000 ரூபாய்க்கும் குறைவு. எனவே 2028 ஜனவரிவரை பணம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியுள்ளது.